லோகேஸ்வரியின் நான்காவது வேன்

“உள்ள நிமிர்ந்து நிக்க முடியாதா?”

“முடியாது. கூரை அவ்வளவுதான். இதே வேன்ல இன்னும் பெரிசா வரப்போவுதாம். வந்ததும் வாங்கிடுவேன்.”

“அதுவரைக்கும்?”

“குனிஞ்சுக்க வேண்டியதுதான் லா.”

“ஸ்டீரிங் கனமா இருக்குமா?”

“லோரி மாதிரி. எங்கண்ணனே தோள் வலிக்குதுன்னு விட்டுட்டாரு. பொம்பளைங்க கையில அடங்காது.”

புக்கிட் மெர்தாஜாமில், லோகேஸ்வரியின் வீட்டு வாசலில், நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் நடந்த பேச்சு இது. விருந்துப் பாத்திரங்களைத் திருப்பி எடுத்துப் போக மாப்பிள்ளை சிவநேசனே வேனோடு வந்திருந்தார். அவருடைய அந்தக் கடைசிப் பதிலைக் கேட்டதும், நாக்கு நுனிவரை வந்த ஒன்றை அவள் தேநீரோடு சேர்த்து விழுங்கிவிட்டாள். ‘ஒருநாள் நான் ஓட்டிப் பார்க்கட்டுமா?’ என்பதுதான் அது.

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியும். அப்பாவின் பழைய காரைப் பட்டர்வொர்த் வரை ஓட்டிப் போயிருக்கிறாள். ஆனால் அந்த வெள்ளை வேனின் அகலமான முன்கண்ணாடி வழியே, அத்தனை உயரத்திலிருந்து பார்த்தால் சாலை எப்படித் தெரியும் என்ற ஆசை அன்றைக்குத்தான் வந்தது. வந்தது போகவே இல்லை.

கடலுக்கு அந்தப்பக்கம் தீவில், ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் சிவநேசனுக்குக் கல்யாணச் சமையல் கூடம். திருமணமான மூன்றாம் மாதமே சமையல் லோகேஸ்வரியின் கைக்கு வந்தது. அவள் சாம்பாருக்காகவே தேதி கேட்டு வருபவர்கள் பெருகினார்கள். வேன்களுக்குப் பெயர் வைப்பது அந்தக் கூடத்தின் வழக்கம். புது வேனின் சக்கரத்தில் எலுமிச்சை நசுக்கியதும் வைத்துவிட மாட்டார்கள். முதல் கல்யாணத்துக்குச் சாப்பாடு கொண்டுபோய், பந்தி முடிந்து, பாத்திரம் கழுவி ஏற்றிய பிறகுதான் பெயர்.

முதலாவதன் பெயர் குட்டையன். எஞ்சின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருந்தது. ஓட்டுபவருக்கு இட்லிச் சட்டிமேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பின்பக்கம் முழுக்க அண்டாக்கள். வேன் ஒரு வளைவில் திரும்பினால் சாம்பாரும் கூடவே திரும்பும். யாராவது ஒருவர் பின்னால் உட்கார்ந்து மூடிகளை அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த யாராவது லோகேஸ்வரி ஆனாள். அவளுக்கும் ஓட்டுநர் சீட்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு. கரண்டிக் காம்பால் அதில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் மெல்லப் போ. இரண்டு என்றால் நிறுத்து. தடதடவென்று விடாமல் தட்டினால், எல்லாம் நலம், போகலாம். முன்சீட்டில் வாழையிலைக் கட்டும், பந்தி பரிமாறும் குழுவின் தலைவர் முனுசாமியும் இருப்பார்கள். முனுசாமிக்கு முழங்கால் வலி; பின்னால் மடங்கி உட்கார முடியாது.

இரண்டாவது வந்தபோது மகள் பிரமிளா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். உடம்பு அகலமாகியிருந்தது, கூரை ஒரு சாண் உயர்ந்திருந்தது. டீசல். அது கிளம்பினால் சந்தையில் மீன் வெட்டுபவர்கள் தலை நிமிர்த்திப் பார்ப்பார்கள். முரடன் என்று பெயர் விழுந்தது. ஆனால் முரடனின் ஸ்டீரிங் முரடில்லை. சிவநேசன் ஒரு கையில் கச்சான் கடலை கொறித்துக்கொண்டே அதை வளைத்ததைத் தடுப்பின் சிறிய துவாரம் வழியாக லோகேஸ்வரி பார்த்தாள். தோள் வலிக்கும் என்ற காரணம் அன்றோடு போயிற்று என்று நினைத்தாள். வாய் திறப்பதற்குள் ரசம் தளும்பியது. இரண்டு தட்டு தட்டினாள்.

மூன்றாவதுதான் நெட்டையன். எஞ்சினை முன்னால் தள்ளி மூக்கு வைத்திருந்தார்கள். நீளமும் உயரமுமாய் ஒரு சின்ன அறைபோல இருந்தது. சிவநேசன் அவளைக் கைபிடித்து உள்ளே ஏற்றி, “நிமிர்ந்து நில்லு” என்றார். நின்றாள். தலைக்கு மேல் இன்னும் இடம் இருந்தது. “சொன்னேன்ல?” என்றவருக்குக் கண் கலங்கியது. நிச்சயத்துக்கு மறுநாள் பேசியதை அவரும் மறக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவள் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். ஆனாலும், தலைக்கு மேல் கூரையை உயர்த்திக் கொடுத்த மனிதரிடம், எனக்கு வேண்டியிருந்தது முன்கண்ணாடி என்று எப்படிச் சொல்வது?

பிறை என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியராக இருக்கும் பிரமிளாவுக்கு மட்டும் அம்மாவின் மனம் கொஞ்சம் தெரியும். மூன்று வருஷங்களுக்கு முன், சரக்கு வேன் ஓட்டும் லைசன்ஸை அப்பா புதுப்பிக்கப் போனபோது, ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அம்மாவையும் பாடம் படித்துத் தேர்வு எழுத வைத்தாள். சிவநேசன் சிரித்தார். எடுத்து வை, சும்மா கிடக்கட்டும் என்றார். அது லோகேஸ்வரியின் கைப்பையில் சும்மாதான் கிடந்தது.

நான்காவது வேனையும் பிரமிளாதான் பிடிவாதமாக வாங்க வைத்தாள். மின்சார வேன். கியர் கிடையாது, சத்தம் கிடையாது. பேட்டரி முழுக்கத் தரைக்கு அடியில் இருப்பதால் தளம் தாழ்ந்து, வேன் படகுபோல அமைதியாகப் போகும் என்றாள். அண்டாக்களைப் பூட்டி நிறுத்தும் சட்டங்களைப் பிறையில் ஒரு பட்டறையில் பொருத்தினார்கள். அண்டாவைப் பிடிக்க ஆளே தேவையில்லை என்று கேட்டதுமே லோகேஸ்வரி மனதுக்குள் கணக்குப் போட்டாள். கடைசிக் காரணமும் போய்விட்டது. இந்த முறை கேட்டுவிட வேண்டியதுதான். வார்த்தைகளை வெங்காயம் உரிக்கும்போதுகூட ஒத்திகை பார்த்தாள்.

வேனை எடுக்கப் பட்டறைக்குப் போன அன்று சிவநேசன் பின்கதவை அகலத் திறந்து, உள்ளே பார் என்றார்.

உள்ளே அவளுக்கென்று ஒரு சீட்டு. நீல மெத்தை, சாய்மானம், பெல்ட், தலைக்கு மேல் சின்ன விசிறி. அதற்கு எதிரே நெட்டையனின் பழைய தகரத் தடுப்பு, அவள் கரண்டிக் காம்பு போட்ட நூற்றுக்கணக்கான குழிகளோடு, பளபளவென்று தேய்த்துப் பொருத்தப்பட்டிருந்தது.

“நெட்டையன வாங்குனவன்கிட்டேருந்து கழட்டி வாங்கிட்டேன். இனிமே மகாராணி மாதிரி வா” என்றார்.

ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எல்லாம் எங்கோ போய்விட்டன. ரொம்ப நல்லா இருக்கு என்றாள். பிரமிளா அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

முதல் கல்யாணம் லோகேஸ்வரியின் ஊரான புக்கிட் மெர்தாஜாமிலேயே அமைந்தது. கோயில் மண்டபம், எண்ணூறு பேர் சாப்பாடு. முனுசாமி தன் ஆட்களோடு காரில் முன்னதாகவே போய்விட்டார். அண்டாக்கள் சட்டங்களில் பூட்டப்பட்டன. அவற்றைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் லோகேஸ்வரி பழக்கத்தில் கரண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினாள், சிவநேசன் பழக்கத்தில் கதவைச் சாத்தினார். இலைக்கட்டு வழக்கம்போல முன்சீட்டில் போயிற்று.

கிரீன் லேன் தாண்டிக் கடல் பாலம் ஏறும்வரை அவள் தடதடவென்று தட்டிக்கொண்டே வந்தாள். எல்லாம் நலம், போகலாம். ஆனால் வேன் போகவில்லை. பாலத்தின்மேல் ஊர்ந்தது. பின்னால் லோரிகள் ஹாரன் அடித்தன. அவள் இன்னும் பலமாகத் தட்டினாள். வேன் இன்னும் மெல்லப் போனது. நேரத்துக்குச் சாப்பாடு போய்ச் சேராவிட்டால் புது வேனுக்குப் பெயரும் இல்லை, தங்களுக்கும் பெயர் இல்லை என்று அவளுக்கு வியர்த்தது.

பாலம் இறங்கி, பிறையில் ஓரமாக வேன் நின்றது. பின்கதவு படாரென்று திறந்தது. சிவநேசனின் சட்டை நனைந்திருந்தது.

“என்னாச்சு லோகா? ஏன் தட்டவே இல்ல? மயங்கிட்டியோன்னு பயந்துட்டேன்.”

“தட்டிக்கிட்டேதாங்க வரேன். இங்க பாருங்க, காம்பே வளைஞ்சுபோச்சு.”

சிவநேசன் வளைந்த கரண்டியைப் பார்த்தார். தகரத்தைப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“பட்டறையில நாந்தான் சொன்னேன். வெயில் சூடு உன் பக்கம் வராம, தகரத்துக்குப் பின்னால தடியா பஞ்சு வச்சு அடைங்கன்னு.”

சத்தமும் அந்தப் பஞ்சோடு நின்றுவிட்டது. எஞ்சின் சத்தமும் இல்லை, மனைவியின் தட்டும் இல்லை. இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அவர் தனியாக ஓட்டியிருந்தார். பாலத்தில் பயந்து ஊர்ந்த காரணம் அதுதான். லோகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவரும் சிரித்தார். இருவரும் சாலையோரத்தில் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்து, வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனான்.

பிறகு அவள் அண்டாவின் பூட்டை விலக்கி மூடியைத் திறந்து காட்டினாள். புறப்படும்போது தூவிய கொத்தமல்லி தூவிய இடத்திலேயே மிதந்தது.

“இனிமே பின்னால உனக்கு வேலையே இல்ல போல” என்றார் சிவநேசன் மெதுவாக. “முன்னால வந்துடு. நீ பேசாம என்னால ஓட்ட முடியாது.”

இலைக்கட்டு பின்னால் போயிற்று. நீல மெத்தையில் அதை உட்கார வைத்து, சரியாமல் இருக்கப் பெல்ட்டும் போட்டார்கள். லோகேஸ்வரி முன்சீட்டில் ஏறினாள்.

சாலை முழுவதும் அவள் முன்னால் விரிந்தது. கொள்கலன் லோரிகளின் முதுகுகள், மின் நிலையத்தின் புகைபோக்கிகள், தூரத்தில் அவள் ஊர்க் குன்று. எந்த வளைவு எங்கே வரும் என்று அவள் உடம்புக்கு எப்போதோ தெரியும். கண்ணுக்கு இப்போதுதான் தெரிந்தது. இங்கே ஒரு மேடு வரும், மெல்ல என்றாள். மேடு வந்தது. இனி நேர் ரோடு, நல்லாவே போகலாம் என்றாள். சிவநேசன் அழுத்தினார். வேன் வழுக்கிக்கொண்டு பறந்தது. ஊர்ந்து தொலைத்த நேரத்தையெல்லாம் அந்தச் சாலை திருப்பித் தந்தது.

மேளம் கொட்டித் தாலி கட்டும்போது அண்டாக்கள் மண்டபத்தின் பின்கட்டில் இறங்கிவிட்டிருந்தன. சாம்பாரிலிருந்து ஆவி பறந்தது. நாலு பந்தியும் தடங்கல் இல்லாமல் ஓடின. பெண்ணின் தகப்பனார் பின்கட்டுக்கே வந்து, சம்பந்தி வீட்டார் மூன்றாவது தடவையாகச் சாம்பார் கேட்டதைப் பெருமையாகச் சொன்னார். மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பம் கை கழுவியதும் நேரே வந்து, தை மாதத்தில் ஒரு தேதி ஒதுக்கச் சொன்னது. பிரமிளா கைபேசியில் வீடியோ பிடித்துக்கொண்டே அலைந்தாள். வேலை ஓய்ந்து, கழுவிய அண்டாக்கள் வேனில் ஏறியபோது அத்தனை பேர் முகத்திலும் வெற்றி தெரிந்தது.

பெயர் வைக்கும் நேரம். முனுசாமி வேனைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

“வாயே தெறக்க மாட்டேங்குது அண்ணே. ஊமையன்னு வச்சிடலாம் லா.”

“எண்ணூறு பேருக்குச் சோறு கொண்டாந்தவன ஊமையன்னு சொல்லாதீங்க மாமா” என்றாள் பிரமிளா. “அப்பாவ மாதிரி. காரியம் செய்வான், வாய் பேச மாட்டான்.”

சிவநேசனுக்கு அன்றைக்கு வாய் நன்றாகவே வந்தது. வேனின் பக்கவாட்டில் தட்டிக் கொடுத்தபடி, சுற்றி நின்றவர்களிடம் அதன் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தார். குட்டையனில் தோள் கழன்றது, முரடனில் காது போனது, நெட்டையனைப் பின்னுக்கு எடுக்கக் கழுத்து சுளுக்கியது. இதில் பின்னுக்கு எடுக்கும்போது வேனுக்கு வெளியே பின்னால் இருப்பது முன்னால் திரையில் தெரிகிறது. அண்டாவை அதுவே பிடித்துக்கொள்கிறது. கியரும் இல்லை, கிளட்சும் இல்லை.

“ஸ்டீரிங்குக்கு ஒரு விரல் போதும் முனுசாமி” என்றார். “இத யார் வேணும்னாலும் ஓட்டலாம்.”

வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்த லோகேஸ்வரி நிமிர்ந்தாள்.

தட்டைப் பிரமிளாவின் கையில் கொடுத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வேனின் மூக்கைச் சுற்றி வந்து, ஓட்டுநர் பக்கக் கதவருகே நின்றாள். அங்கிருந்து பார்த்தால் தெருக்கோடியில் அவள் பிறந்த வீட்டின் பச்சைக் கேட் தெரியும். அந்தக் கேட்டில்தான் குட்டையன் நின்றது. அங்கேதான் அவள் தேநீரோடு அந்தக் கேள்வியை விழுங்கினாள்.

“என்ன லோகா, அந்தப் பக்கம் போயிட்ட? உன் சீட்டு இந்தப் பக்கம்” என்றார் சிவநேசன், சாவியை விரலில் சுழற்றியபடி.

பிரமிளா வெற்றிலைத் தட்டோடு அம்மா பக்கம் வந்து நின்றாள்.

லோகேஸ்வரி மசாலா மணக்கும் கையை நீட்டினாள்.

“நான் ஓட்டணுங்க. நம்ம நிச்சயத்துக்கு மறுநாளே கேட்டிருக்கணும். சாவியக் குடுங்க.”