யாரோ ஒருத்திக்கான ஜெபம்

டிரைவிங் ஸ்கூலில் பிரேக் மாஸ்டர் என்று கேட்டால்தான் அவரைத் தெரியும். கற்றுக்கொள்கிறவர் பக்கம் ஒரு பிரேக், கற்றுக்கொடுக்கிறவர் பக்கம் ஒரு பிரேக் என்று இருக்கும் அந்தக் காரில், தூரத்தில் பூனை தெரிந்தாலே அவர் கால் இறங்கிவிடும். அப்படி நிதானமாக வாழ்ந்த மனிதருக்கு இரண்டு சிறுநீரகங்களும் சொல்லாமல் கொள்ளாமல் கைவிரித்தன.

அவர் மனைவி, கல்யாணத்துக்கு முன்னால் அவரிடம் வண்டி பழக வந்தவள். பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்க வேண்டிய கண்ணாடியில் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், ரோட்ட பாருங்க" என்று மாணவி வாத்தியாருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பார்வையில் விழுந்தவள்தான், இத்தனை வருஷத்தில் எழுந்திருக்கவே இல்லை.

தன் சிறுநீரகத்தைக் கொடுக்கிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பொருந்தாது என்றுவிட்டார்கள். இனி இறந்துபோகிற யாருடையதாவது கிடைத்தால்தான் உண்டு. தான் வேலை பார்க்கும் சலவைக் கடையில் துணி தேய்த்தபடியே ஜெபமாலை சொன்னாள். ஆனால் என்ன கேட்பது என்ற இடம் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. பீடத்துணிகளைத் தேய்த்துக் கோயிலுக்குக் கொண்டுபோன ஒருநாள் பங்குத்தந்தையிடம் கேட்டே விட்டாள்.

"ஃபாதர், கிட்னி குடுங்கன்னு வேண்டினா, எவ வீட்லயாவது எழவு விழட்டும்னு கேக்குற மாதிரி இருக்கு. நான் என்னதான் கேக்குறது?"

"நீ கேக்குறதால யாரும் சாகப்போறதில்லம்மா. சாவு அது பாட்டுக்கு வரும். வந்த வீட்ல, சரின்னு சொல்ல வேண்டியவங்க ஒருத்தர் இருப்பாங்க இல்ல? அவங்களுக்காக வேண்டிக்கோ."

"குடுக்கலன்னா பாவம்னு நீங்க பிரசங்கத்துல ஒரு போடு போடுங்களேன்!"

அவர் சிரித்துவிட்டார். "திருச்சபை அப்படிச் சொல்லலயே. குடுத்தா பெரிய அன்புன்னுதான் சொல்லுது. மனசார குடுக்கணும். பயமுறுத்தி வாங்குனா அது தானமா?"

"இப்படி வழவழன்னு பேசினா எவ குடுப்பா?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஆனாலும் அன்றிலிருந்து அப்படியே வேண்டினாள். ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருத்தி நிற்கிறாள். முகம் தெரியாது. அவள் மனசைத் தொடும் ஆண்டவரே என்பாள். பொறுமை போன நாட்களில், "சீக்கிரம் சரின்னு சொல்லித் தொலையேண்டி" என்று அவளையே அதட்டுவாள்.

"யாரு கூடம்மா சண்ட?" என்று கட்டிலிலிருந்து கேட்பார் மாஸ்டர்.

"உங்களுக்குக் கிட்னி தரப்போறவ கூட."

"அவள ஏன் திட்டுற? அவளே புருஷனப் பறிகொடுத்துட்டு நிப்பா."

அந்த வருஷம் அப்படியே போனது. ஒரு காலை, டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போது, அவருக்குச் சூடாக ஏதாவது வாங்கிவரலாம் என்று கீழே போனாள். திரும்பி வந்தபோது படுக்கையைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். ரத்த அழுத்தம் இறங்கி, இதயம் நின்று, நெஞ்சை அமுக்கிப் பார்த்தும் மீளவில்லை. கடைசியாக அவர் கண் அவளைத் தேடியிருக்கும். அவள் படிக்கட்டில் இருந்தாள்.

மாஸ்டரின் அக்கா ஓடிவந்து அழுது ஓய்ந்த பிறகு, வழக்கமாக அவருக்கு ஊசி போடும் நர்ஸ் வராந்தாவுக்கு வந்தாள்.

"அக்கா, கேக்கவே வாய் கூசுது. அவரோட கண்ண மட்டும் குடுக்கலாம். கருவிழி நல்லா இருக்கு. விருப்பம் இல்லன்னா வேணாம், தப்பே இல்ல."

கண்ணா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்களுக்கு எவ என்ன குடுத்தா? போம்மா அந்தப் பக்கம்."

"கடைசி நாள்ல கண்ணில்லாம எழும்பினா, உன்ன எப்படிடி கண்டுபிடிப்பான்?" என்று மாஸ்டரின் அக்கா வேறு முக்காட்டுக்குள் விசும்பினாள். மாஸ்டர் மனைவி உடனே பங்குத்தந்தைக்குப் போன் செய்தாள்.

"ஃபாதர், கண்ண குடுத்துட்டா, உயிர்த்தெழும்போது அவரு என்னப் பாப்பாரா?"

"மண்ணாப் போனதையே எழுப்புறவருக்குக் கண்ணு ஒரு பெரிய விஷயமாம்மா? கட்டாயம் பாப்பாரு." கொஞ்சம் நிறுத்தி, "அதுக்காகக் குடுன்னு நான் சொல்லமாட்டேன். உன் மனசு" என்றார்.

அன்றைக்குப் பார்ப்பார், சரி. இன்றைக்கு அவளை யார் பார்ப்பது?

நர்ஸ் இன்னும் போகவில்லை. அவள் வாயிலிருந்து வரப்போகிற சொல்லுக்காகத் தலைகுனிந்து நின்றாள். அப்போதுதான் மாஸ்டர் மனைவிக்கு உறைத்தது. இத்தனை மாதமாக வேண்டிக்கொண்டது இந்த வராந்தாவில் நிற்கிற தனக்காகத்தான். இவ்வளவு கசக்கும், இவ்வளவு கோபம் வரும் என்று தெரியாமலே அவளை அதட்டியிருக்கிறாள். பாவம், அவளை யாரும் அதட்டியிருக்கக் கூடாது.

நர்ஸிடம் திரும்பினாள்.

"எடுத்துக்கோங்க" என்றாள்.

நர்ஸ் அவர் இமைகளைச் சரியாக மூடி, ஈரப் பஞ்சை வைத்து, மின்விசிறியை நிறுத்தினாள். "காத்து பட்டா காஞ்சிடும். கண் வங்கிக்காரங்க வர்ற வரைக்கும் தொறக்காம பாத்துக்கோங்க" என்று ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் வைத்துவிட்டுப் போனாள்.

திரைக்குள் இரண்டு பெண்களும் அவரும் மட்டும் இருந்தார்கள். அக்கா அவள் தோளைத் தொட்டாள். "ஒரே ஒரு தடவ தொறந்து பாத்துக்கோடி. எடுத்தப்புறம் ஏது? யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் கை தானாகப் பஞ்சுக்குப் போனது. உலகத்தில் வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. இமையைக் கொஞ்சம் தூக்கினால் போதும், அவர் பார்க்காவிட்டாலும் பார்ப்பது போலாவது இருக்கும். விரலடியில் பஞ்சின் ஓரம் காய ஆரம்பித்திருந்தது. கிண்ணத்தில் விரலை நனைத்து, அதன்மேல் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

"வேணாம் அண்ணி" என்றாள். "இத வாங்கிக்கப்போறவங்க பாக்கணும்."