மேற்குப் பக்கத்துப் படிகள்

...குப்பை வண்டி எங்கே நிற்கும் என்று அவர் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், நானோ மரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், திறந்தவெளி மேடைக்குப் பின்னால் நாற்பது மரம், கிழக்கு, மேற்கு இரண்டு பக்கத்து ஜனங்களும் ஒரே நிழலில் என்று வாய் ஓயாமல்... கேளிக்கை வளாகத்துக்குப் பணம் போடும் கம்பெனியின் மேலாளர் நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவே மாட்டார், பேனா மூடியால் என் வரைபடத்தை லேசாகத் தட்டினார். "சார், தியேட்டர் இருக்கு, சறுக்குத் தளம் இருக்கு, சாப்பாட்டுக் கடையே முப்பது. சரக்கு லாரி, ஜெனரேட்டர், குப்பை, இதெல்லாம் எங்க போகும்? மேற்குப் படிய எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்." இரண்டு வருட வேலை, இரண்டு தட்டில் போனது. அப்போ மேற்குல இருந்து வர்றவங்க என்று கேட்டேன், கேட்டேன்தானே? "யாரு வரப்போறா?" என்றார், கிண்டலாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல. "வரணும்னா பாலத்து வழியா சுத்தி வரட்டும்." சுற்றி என்றால் நாலு கிலோமீட்டர், நான் நடந்தே அளந்தவன், அதைச் சொல்லியிருக்கலாம், தொண்டை வரை வந்தது, தண்ணீர் குடித்தேன், தண்ணீரோடு அதுவும் உள்ளே போய்விட்டது.

மேலாளர் போய் ஒரு மணி நேரமாகிறது, தேநீர்க் கோப்பைகளை இன்னும் யாரும் எடுக்கவில்லை. வெளியூர்க்காரர்கள் இந்த ஊரைப் பிரிப்பது நடுவில் மேட்டின் மேல் கிடக்கும் பழைய சரக்கு ரயில் நிலையம் என்று நினைப்பார்கள், அது சும்மா புல் முளைத்த தண்டவாளம், அதற்கு யாரையும் பிரிக்கத் தெரியாது... பிரித்தது நான் நாலாவது படிக்கும்போது நடந்த கலவரம், ஒன்பது நாள், அதற்கப்புறம் அவரவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு அவரவர் பக்கம். நான் கிழக்கு, என் மனைவி மேற்கு, பதிவு அலுவலகத்தில் கல்யாணம், பத்தொன்பது வருடமாக என் அம்மாவும் மாமியாரும் முகத்தோடு முகம் பார்த்ததில்லை. மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் ஷிப்ட் போட்டார்கள், காலையில் ஒரு பாட்டி, மாலையில் ஒரு பாட்டி, நடுவில் நான் வாசலில் நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினேன், சிரிப்புத்தான். அந்தத் தண்டவாளத்தின் மேல் ஒரு கேளிக்கை வளாகம் கட்டலாம், வடிவமைத்துக் கொடுங்கள் என்று நகராட்சி என்னை அழைத்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று, இங்கே யாரும் யார் வீட்டுக்கும் போகவேண்டாம், அழைப்பு வேண்டாம், சமாதானம் வேண்டாம், பேத்தியைச் சறுக்கு விளையாடக் கூட்டிவந்த இரண்டு கிழவிகள், ஒருத்தி கிழக்குப் படியில் ஏறி, ஒருத்தி மேற்குப் படியில் ஏறி, தற்செயலாக... தற்செயலுக்கு வரைபடம் போட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"சார், படிய மொத்தமா அழிச்சிடவா, இல்ல தனி லேயர்ல மறைச்சு வைக்கவா?" வரைபடம் போடும் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள், அவளும் மேற்குதான், தினமும் பாலம் சுற்றி இரண்டு பஸ் மாறி வருகிறாள், இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறைச்சு வைம்மா என்றேன். ஏதோ பெரிய மனது பண்ணிவிட்டதுபோல. அவள் ஒரு தட்டுத் தட்டினாள், அறுபத்திரண்டு படியும் போயின, அந்த இடத்தில் பத்தடிச் சுவர் வந்தது, சுவரையொட்டி லாரி திரும்பும் இடம், ஜெனரேட்டர் அறை, குப்பைக் கிடங்கு... இனி மேற்கில் இருப்பவர்கள் ஜன்னலைத் திறந்தால் தெரியப்போவது நம் முதுகு. "குப்பை நாத்தம் எந்தப் பக்கம் அடிக்கும் சார்?" என்றாள். காற்று வழக்கமாகக் கிழக்கிலிருந்துதான், அதை நான் முதல் மாதமே குறித்து வைத்திருக்கிறேன். தெரியல என்றேன். அவள் தலையாட்டினாள், சுவருக்கு நிறம் கொடுத்தாள், அடியில் இருந்த பெட்டியில் என் கையெழுத்துக்கு இடம் விட்டு அச்சுக்கு அனுப்பினாள். தாள் சூடாக வந்தது. கையெழுத்துப் போட்டேன். வழக்கத்தைவிட அழகாகவே வந்தது.

அப்போதுதான் போன் அடித்தது, மனைவி. "மீட்டிங் முடிஞ்சுதா? அம்மா காலைல இருந்து நச்சரிக்கிறாங்க. முட்டி வலியோட அவ்வளவு படி ஏற முடியாதாம், லிப்ட் வைப்பாங்களான்னு மாப்பிள்ளைகிட்ட கேளுன்னு ஒரே பிடிவாதம்." பின்னால் மகள் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. மாமியார் வரப்போகிறார், வர வேண்டுமென்று நினைத்திருக்கிறார், யாரு வரப்போறா என்று மேலாளர் கேட்டாரே, இதோ ஒருத்தர்... இப்போது சொல்லிவிடலாம், படியே இல்லை என்று, வீட்டுக்குப் போய்ச் சொல்லலாமா, சாப்பிட்ட பிறகு? "வைப்பாங்க, வைப்பாங்க," என்றேன், "உங்க பக்கத்துக்கும் எல்லாம் பண்ணித் தர்றேன்னு சொல்லு." "சரி," என்றாள், "வர்றப்போ பால் வாங்கிட்டு வாங்க." வைத்துவிட்டாள். உங்க பக்கம். மேற்கு என்று சொல்லியிருக்கலாம், அம்மா வீடு என்று சொல்லியிருக்கலாம்... பத்தொன்பது வருடமாக என் வீட்டில், கிழக்கில், என் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறவளிடம், உங்க பக்கம். இன்றைக்குத்தான் வாய் தவறியதா, இல்லை தினமும் சொல்லிக்கொண்டிருந்து இன்றைக்குத்தான் என் காதில் விழுந்ததா? அவள் ஆச்சரியப்படவே இல்லையே...