மாங்காயின் ஆங்கிலம்

1

என் தங்கைக்குக் கிடைக்கவிருந்த ஒரு வேலை கிடைக்காமல் போனதில் பிறந்தது இந்தக் கதை. கெடுத்தவன் நான். இதைக் கடைசிவரை ஒளித்துவைத்து உங்களை அசத்தலாம் என்றிருந்தேன். அவ்வளவு கெட்டித்தனம் எனக்கில்லை.

முதல் தொடக்கம்: ‘ஆலங்குடாக் கடலில் சூரியன் மெல்ல...’ (விட்டுவிட்டேன். சூரியனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

2

தங்கை ஷஃபீனாவுக்கு ஆலங்குடா விடுதியொன்றில் நாலு வருஷமாகச் சமையல் வேலை. வரவேற்பு மேசைக்கு ஆள் தேவைப்பட்டது. “திங்கக்கிழமை வாற வெள்ளைக்காரியோட இங்கிலீசில கதைச்சுக் காட்டுங்க, பாப்பம்” என்றார் மனேஜர் யாகப்பு.

“நானா, கொஞ்சம் சொல்லித் தாங்களேன்” என்று அண்ணன் என்னிடம் வந்து நின்றாள்.

மூன்று பின்னேரம் சொல்லிக் கொடுத்தேன். எதை? மேங்கோ என்ற சொல்லின் பூர்வீகத்தை. எங்கட மாங்காயைத்தான் போர்த்துக்கேயன் ‘மங்கா’ என்றான், அதைத்தான் இங்கிலீஸ்காரன் மேங்கோ என்றான் என்று.*

“அப்ப பழத்துக்கு ஏன் காய்ட பேர வச்சாங்க?”

 அதட்டி வைத்தேன்.

* மலையாளத்திலிருந்து போனது என்றும் சொல்வார்கள். என் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை அவளுக்குக் காட்டவில்லை.

3

வந்தவளின் பெட்டி வழியில் தவறிவிட்டது. மூச்சிழுப்புக்கான மருந்து அதற்குள். மூச்சு வாங்க வாங்க ஏதோ கேட்டாள். ஷஃபீனாவுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பயத்தில், தெரிந்த ஒரே விஷயத்தைச் சொன்னாள்: மேங்கோ எங்கட சொல்.

யாகப்பு குறுக்கே வந்து, மருந்து வாங்கக் கற்பிட்டிக்கு ஆளனுப்பினார். மேசை வேலை வேறொருவருக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்து அவள் கத்தவில்லை. “சொல்லு எங்கடதா இருந்தா என்ன நானா, கேள்வி அவங்கடதானே” என்றாள்.

4

முடிவு ஒன்று: வெள்ளைக்காரி மொழியறிஞர், ஷஃபீனாவைக் கட்டிப்பிடித்து... (எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: நானா திருந்துகிறான். (யாரும் நம்பமாட்டார்கள்.)

நடந்தது இவ்வளவுதான். கண்டக்குழியில் மக்தலேனா டீச்சரிடம் இங்கிலீஸ் வகுப்புக்குப் போகிறாள் ஷஃபீனா. என்ன படிக்கிறாள் என்று என்னிடம் சொல்வதில்லை.

இதுவரை எழுதியதை இன்று அவளிடம் கொடுத்தேன். ‘வெள்ளைக்காரி முன் தலை குனிந்து நின்றாள்’ என்றிருந்த வரியைப் பேனையால் வெட்டினாள். “நான் குனியல்ல. அவட முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டேன்.”

“சரி. முடிவு என்ன எழுத?”

“எனக்கு வகுப்புக்கு நேரமாகிட்டு” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நீங்களாவது இருந்து எழுதுங்கள்.