திறக்கலாம் என்று எழுதியவள்

அலுவலகத்தில் எனக்கு ‘ஒற்றுப் போலீஸ்’ என்று பெயர். க், ச், த், ப் வர வேண்டிய இடத்தில் வராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தால் மாப்பிள்ளை பெயரைப் பார்ப்பதற்கு முன்பே பேனாவை எடுத்துவிடுவேன். சாயர்புரத்தில் தமிழ் படித்துவிட்டு, தூத்துக்குடியில் துறைமுகச் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஏஜென்ட் அலுவலகத்தில் கடிதம் அடிக்க வந்தவள் நான். பன்னிரண்டு வருடமாக என் கையிலிருந்து பிழையோடு ஒரு தாள் வெளியே போனதில்லை. அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

முதலாளி காசிலிங்கம் அண்ணாச்சிக்கு இதெல்லாம் சிரிப்பு. “ஏளா ஜெபசுதா, லாரிக்காரன் ஒன் தமிழையா வாசிக்கப் போறான்? நம்பரப் பாத்துட்டுப் போயிருவான்” என்பார். நான் விட்டுப்போன ஒற்றைப் போட்டுக்கொண்டிருப்பேன்.

எங்களுக்கு அதிகமும் வருவது ஆப்பிரிக்க முந்திரிக் கொட்டை. கன்டெய்னர் யார்டுக்கு வந்ததும் பூச்சிக்கு மருந்து அடிப்பார்கள். மருந்து என்று பெயர்தான், உள்ளே நிறைவது விஷவாயு. கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. இரண்டு நாள் மூடி வைத்து, அப்புறம் கதவைத் திறந்து காற்றாட விட்டு, மருந்துக் கம்பெனிக்காரர் கருவி வைத்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் ஆள் உள்ளே போகலாம். கதவில் மண்டையோடு போட்ட ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஆனால் பழைய ஸ்டிக்கரை யாரும் கிழிப்பதில்லை. ஒரே கதவில் போன வருடத்து மண்டையோடும் இருக்கும், நேற்றைய மண்டையோடும் இருக்கும். அதனால் யார்டில் ஸ்டிக்கரை ஒருவரும் சட்டை செய்வதில்லை. எங்கள் கடிதம் என்ன சொல்கிறதோ அதுதான்.

அந்தப் புதன்கிழமை அப்படியொரு கடிதம் அடிக்க வேண்டியிருந்தது. முந்தின நாள் மாலைதான் மருந்து அடித்த கன்டெய்னர். வெள்ளிக்கிழமைவரை ஓரமாக மூடி வையுங்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எங்கள் தொழிலில் யாரும் வெறும் தாளில் கடிதம் தொடங்குவதில்லை. கடைசியாகப் போன கடிதத்தைத் திறந்து, தேதியையும் எண்ணையும் மாற்றி அனுப்புவதுதான் வழக்கம். கடைசிக் கடிதம், போன வாரம் நான் லீவில் இருந்தபோது பக்கத்து மேசை ஷெர்லி அடித்தது. திறந்தவுடன் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரிக்கு இரண்டு பிழை. அரை மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் சுத்தம் செய்தேன். காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு யார்டு சூப்பர்வைசர் டிக்சனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். படித்துவிட்டான் என்று நீல டிக் வந்தது.

டீ வந்தபோது மணி பத்து நாற்பத்தாறு. ஷெர்லியைச் சும்மா விட மனம் வரவில்லை. அவள் அடித்ததையும் நான் திருத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “பாருளா, எப்படி எழுதணும்னு” என்று உரக்க வாசித்துக் காட்டினேன். நாலாவது வரியில் என் வாய் நின்றுவிட்டது.

‘நச்சுவாயு முழுமையாக வெளியேற்றப்பட்டுவிட்டது. கதவைத் திறந்து சரக்கை இறக்கலாம்.’

அது ஷெர்லியின் கன்டெய்னருக்கான வரி. அதில் அவள் பிரித்து எழுதியிருந்த சொல்லைக்கூட நான் சேர்த்து எழுதியிருந்தேன். பொருளைப் பார்க்கவே இல்லை.

டிக்சனுக்குப் போன் போட்டேன். வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்றது. அவன் எந்நேரமும் ஏதாவதொரு லாரி டிரைவரோடு பேசிக்கொண்டேதான் இருப்பான். மறுபடி போட்டேன், அதே பதில். யார்டு ஆபீஸ் எண் அடித்துக்கொண்டே இருந்தது.

முதலில் யார் உள்ளே போவார்கள் என்று எனக்குத் தெரியும். யார்டில் பெருக்குகிற செல்வலட்சுமி அக்கா. சாக்குகள் பிரிந்து கொட்டிய கொட்டையைக் கதவுப் பக்கம் பெருக்கி வழி பண்ணிக் கொடுத்த பிறகுதான் சுமை தூக்குகிறவர்கள் ஏறுவார்கள். போன மாதம்தான் மகளுக்கு நர்சிங் சீட் கேட்டு என்னிடம் மனு எழுதி வாங்கிப் போனாள். சீட் கிடைத்ததும் ஒரு பை நிறைய மஸ்கோத் அல்வாவோடு வந்து நின்றாள்.

கதவைத் திறக்க வேண்டாமென்று டிக்சனுக்கு மெசேஜ் தட்டினேன். அவசரத்தில் எழுத்து மாறி மாறி விழுந்தது. அழித்தேன். மறுபடி தட்டினேன். அப்படியே அனுப்பினால் டிக்சன் குழம்புவான் என்று தோன்றியது. முதல் கடிதத்தைக் குறிப்பிட வேண்டும், கன்டெய்னர் எண் வேண்டும், தவறுக்கு வருந்துகிறோம் என்றும் வேண்டும். ஒரு தரம் வாசித்துப் பார்த்து அனுப்பினேன்.

அதற்குமேல் நாற்காலியில் இருக்க முடியவில்லை. ஸ்கூட்டரை எடுத்தேன். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. இடுக்கில் நுழைந்து போனேன், ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். ரயில்வே கேட் மூடியிருந்தது. நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி நகருகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. ‘இயேசப்பா, அவிய திறந்திருக்கக் கூடாது. இயேசப்பா, அந்த அக்கா இன்னைக்கு லீவு போட்டிருக்கணும்’ என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் பைக்கில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இல்லை.

யார்டு வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது.

செல்வலட்சுமி அக்காவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. சேலையெல்லாம் வாந்தி. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்ததா என்று தெரியவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்து தொங்கியது. அதை எடுத்து அவள் மேல் போடக்கூட என் கை எழவில்லை. ஆம்புலன்ஸ் கிளம்பியது. டிக்சன் ஓடிவந்து என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டான்.

“மயங்கி விழுந்துட்டாக்கா. நாங்க மூச்சப் பிடிச்சிக்கிட்டு உள்ள போயி இழுத்துட்டு வந்தோம்.”

“கடிதத்த வாசிச்சியாலே? நேத்துதான மருந்து அடிச்சது? ஒனக்குச் சந்தேகம் வரலியா?”

“வந்துச்சுக்கா. மத்த ஆபீஸ் லெட்டர்னா ரெண்டு தடவ போன் பண்ணிக் கேட்டிருப்பேன். அவிய எழுதுறது ஒண்ணும் வெளங்காது, கேட்டுத்தான் ஆவணும். ஒங்க லெட்டர்ல தப்பே இருக்காதுல்லா. கம்பெனிக்காரன் வெள்ளனயே வந்து பாத்துட்டுப் போயிருப்பான்னு நெனச்சிட்டேன்.”

வண்டி ஓட்டிக்கொண்டே அழுதேன்.

ஆஸ்பத்திரியில் எங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இளவயது டாக்டரம்மா ஒருவர் வந்தார். என்ன வாயு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

“மூச்சு இருக்கு. ஆனா நுரையீரல்ல தண்ணி சேருதான்னு ரெண்டு நாள் பாக்கணும். அதுக்கு முன்னால எதுவும் சொல்ல முடியாது. எத்தனை நிமிஷம் உள்ள இருந்தாங்க? சரியாச் சொல்லுங்க, அதுதான் முக்கியம்.”

டிக்சன் போனை எடுத்துப் பார்த்தான்.

“இந்தா, இந்த ஆபீஸ் அக்கா அனுப்புன மெசேஜ் பத்து அம்பத்திரண்டுக்கு வந்திருக்கு டாக்டர். அதப் பாத்துதான் ஓடுனேன். அப்போ அவ உள்ள போயி ஒரு நிமிஷம் இருக்கும். இழுத்துட்டு வர இன்னும் ரெண்டு நிமிஷம் ஆயிருக்கும்.”

டாக்டரம்மா எழுதிக்கொண்டு உள்ளே போனார். டிக்சன் சுவரில் சாய்ந்து நின்று மூச்சு விட்டான்.

“நல்ல வேளக்கா. தெரிஞ்ச ஒடனே அனுப்பிட்டியள்லா. இல்லன்னா மத்தவனும் ஏறியிருப்பான்.”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான்.

“ஒடனே அனுப்பலலே” என்றேன். “தெரிஞ்சப்ப மணி பத்து நாப்பத்தாறு. எழுதி எழுதி அழிச்சு, அஞ்சாறு நிமிஷம் கையிலயே வச்சிருந்தேன்.”

அவன் என்னைப் பார்த்தான்.

“திறக்காதன்னு ஒத்த வார்த்த போதுமேக்கா. எதுக்கு வச்சிருந்திய?”

“தப்பில்லாம எழுதத்தான்” என்றேன்.