வாளிக்கு அவர்கள் கேட்ட சொல்

சசிதரன் என்றால் நடுவட்டத்தில் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அவருடைய குரல்தான். தேயிலை ஃபாக்டரியின் இரைச்சலில் பேசிப் பழகியவர். வீட்டில் உப்புக் கேட்டால் பக்கத்து வீட்டார் எடுத்து வருவார்கள். குளிக்க மட்டும் அண்டாவில்தான் நீர் நிரப்புவார், வாளியைத் தொடமாட்டார். காரணத்தை அவர் சொன்னதில்லை.

இலங்கைக் கலவரத்தை ஊர்ப் பள்ளி ஆசிரியை வனிதா நாடகமாக்கியபோது, அந்தக் குரலுக்காகவே அவருக்குக் கலவரக்காரன் வேடம் கிடைத்தது. அவரும் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார். கம்பைப் பிடிப்பது எளிது. அடிபடும் தந்தையாக நிற்கத்தான் அவருக்குத் துணிவில்லை. அந்த வேடம் ஊட்டி ஜீப் ஓட்டுநர் வசந்த்குமாருக்குப் போயிற்று.

மாலையில் அரங்கேற்றம். முன்வரிசையில், சசிதரனின் தாய் சின்னம்மையோடு, அந்தக் கலவரத்துக்குத் தப்பி இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அமரப்போகிறார்கள். சசிதரன் காலையிலிருந்தே அந்த வெற்று வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி ஒத்திகை தொடங்கியது. பெஞ்சுகளே பேருந்து. சசிதரன் வாளியை வசந்த்குமாரின் முகத்துக்கு நேரே தூக்கி, “இதுக்குப் பேர் என்ன?” என்று முழங்கினார். சிங்களச் சொல்லைப் பிழையாக ஒலிப்பவன் தமிழன். அவனை இறக்கி அடிப்பார்கள்.

“பால்திய,” என்றார் வசந்த்குமார்.

ஓங்கிய கம்பு அப்படியே நின்றது.

“ஏனுங்கண்ணா, அடிக்காம நிக்கறீங்க? கை வலிக்குதுங்களா?”

“எப்படி அடிக்கிறது? நீ சரியாச் சொல்லிப்புட்டியே. ஒன்னைய சீட்டுக் குடுத்து ஒக்கார வெச்சிருப்பானுங்க.”

கூடம் சிரிப்பால் அதிர்ந்தது. வண்டியில் நாள்தோறும் கன்னடமும் படுகர் மொழியும் பேசும் அவர் நாவு, ‘பாக்கியம்’ என்பதன் முதலெழுத்தைப் போல அச்சொல்லை மெல்லெனத் தொடங்கிவிட்டது.

“அப்பத் தப்பா எப்படீங்க சொல்றது?”

சசிதரன் வாளியைக் கீழே வைத்தார்.

“குடிக்கிற பாலைச் சொல்ற மாதிரி. எங்கப்பா அப்படித்தான் சொன்னாரு. நான் அவரு மடியில இருந்தேன். பஸ்ஸ விட்டு எறக்குனாங்க. திரும்ப ஏறல.”

வனிதா அருகில் வந்தாள்.

“எங்க, ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கண்ணே.”

சொன்னார். அத்தனை ஆண்டுகளில் முதன்முறை. முதலெழுத்து வல்லெனவே விழுந்தது, தந்தையின் வாயில் விழுந்தபடியே. அச்சம் வரவில்லை. எப்போது மணி ஆறாகும், எப்போது திரை விலகும் என்றிருந்தது அவருக்கு.

“கண்ணாடியப் பாத்து நூறு தடவ சொல்லிப் பாத்துக்கறனுங்க,” என்றார் வசந்த்குமார். “சாயங்காலத்துக்குள்ள வந்துரும்.”

“வராது. ஒனக்கு வராது,” என்ற சசிதரன் கம்பை அவரிடம் நீட்டினார்.

“அண்ணே, அம்மா முன்னால ஒக்காந்திருப்பாங்க,” என்றாள் வனிதா.

“தெரியும்.”

பெஞ்சில் போய் அமர்ந்தார். பக்கத்து வீட்டுக்கு எட்டாத குரலில் சொன்னார்:

“அப்பாவா நான் நடிக்கிறேன்.”