வார் இற்ற பை

இடது தோள் எப்போது வலிக்கத் தொடங்கியது என்று வேல்பாண்டிக்குத் தெரியாது. கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் ஒரு முடிச்சு. சட்டை மாட்டக் கையைத் தூக்கினால் சுருக்கென்று இழுக்கும். முகூர்த்த நாட்கள் அடுத்தடுத்து வந்துவிட்டால், படுக்கையில் எந்தப் பக்கம் புரண்டாலும் அதுவும் கூடவே புரளும். கல்யாணப் போட்டோக்காரனுக்கு கேமரா பாரமில்லை. கேமராவோடு போகிற லென்ஸ், பிளாஷ், பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்ந்துதான் பாரம். அதை நாள் முழுக்க ஒரே தோளில் தொங்கவிட்டால் எலும்பு கேட்கத்தான் செய்யும்.

அவன் அப்பா கம்பம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். அவருக்கும் வலித்திருக்கும். மூட்டைக்கு மெத்தை வைத்து யாரும் தைத்துத் தரவில்லை. கேமராவுக்குத் தைக்கிறார்கள். அதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து வேல்பாண்டி பை வாங்கிக்கொண்டிருந்தான்.

மண்டபத்துக்குச் சக்கரம் வைத்த பெட்டி. சின்னமனூர்ச் சந்துகளில் சக்கரம் உருளாது என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. அதையும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்துக்கு வயிற்றில் கட்டுகிற சின்னப் பை. தினமும் கொண்டு போக, உள்ளே கேமரா இருப்பது வெளியே தெரியாதபடி சாம்பல் நிறத்தில் ஒரு ஆபீஸ் பை. ஆன்லைனில் படத்தைப் பார்த்து வாங்கிய பச்சைக் கான்வாஸ் பையில் கேமராவை வைத்தால் லென்ஸ் நுழையாது, லென்ஸை வைத்தால் மூடி சாத்தாது. அதில் அவன் மனைவி ஜோதிலட்சுமி வெங்காயம் போட்டு வைத்திருந்தாள்.

"கேமரா ஒண்ணு. பை மட்டும் பீரோ நெறய. மிச்சப் பையில எதத் தூக்கப் போறீக, என்னையவா?"

"ஒவ்வொண்ணும் ஒரு வேலைக்கு ஜோதி. ஊருக்குப் போறதுக்கு ஒண்ணு, உள்ளூருக்கு ஒண்ணு."

"என்கிட்ட இருக்கிறது ஒரே கட்டைப் பை. ரேசனுக்கும் அதான், எழவு வீட்டுக்கும் அதான். எனக்குத் தோளு வலிக்கலயே."

உனக்கு வலிக்காதா என்று கேட்டிருக்கலாம். அவன் கேட்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மூத்தது ஒரு பழுப்புப் பை. ஒற்றை வார். தொழிலுக்கு வந்த புதிதில் வாங்கியது. உள்ளே எந்தப் பொருள் எந்த மூலையில் இருக்கிறது என்று பார்க்காமலே கை போகும். அதனால் விட மனதில்லை. அந்த வாரின் அடித்தையல் விட்டுக்கொண்டு வந்தபோது, தேனிக் கடைத்தெருவில் பை விற்றுத் தைத்தும் தருகிற இம்மானுவேலிடம் கொண்டு போனான்.

இம்மானுவேல் வாரைப் புரட்டிப் பார்த்தார். நகத்தால் ஒரு நூலைக் கிள்ளி இழுத்தார். சத்தமில்லாமல் கையோடு வந்தது.

"தம்பி, இது பாக்கத்தான் தையலு. நூலு இத்துப் போச்சு. வச்சுட்டுப் போ, சனிக்கெழமை நைலான் பட்டை வச்சுப் புதுசா அடிச்சுத் தாரேன். அதுவரைக்கும் இதுல வெயிட்டு ஏத்தாத. நடுவழியில கழண்டுக்கிட்டு விழும்."

சொல்லிக்கொண்டே, விலை எழுதுகிற மார்க்கரை எடுத்து, வாரின் உள்பக்கம் இற்றுப்போன இடத்தில் பெருக்கல் குறி ஒன்று போட்டார்.

வேல்பாண்டியின் கண் மேலே தொங்கிய கறுப்பு முதுகுப் பையில் இருந்தது.

"அது என்ன அண்ணாச்சி, இடுப்புக்கு பெல்ட்டு?"

"அது மலையேறுற ஆளுகளுக்கு. நீ மண்டபத்துப் படி ஏறுற ஆளு. ஒனக்கு எதுக்கு?"

"எறக்குங்க, மாட்டிப் பாப்போம்."

கையோடு கொண்டு வந்திருந்த கேமரா, லென்ஸை உள்ளே வைத்து மாட்டினான். இடுப்புப் பட்டையை 'டக்' என்று பூட்டினான். கடைக்குள் நாலு எட்டு நடந்தான். பாரமெல்லாம் இடுப்பில் போய் உட்கார்ந்தது. தோளில் யாரோ அழுத்திக்கொண்டிருந்த கை எடுபட்ட மாதிரி இருந்தது. புதுப் பையை வாங்கினான். பழுப்புப் பையைத் தைக்கக் கொடுக்காமல், மடக்கிப் புதுப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். சனிக்கிழமை திரும்ப வருகிற அலைச்சல் எதற்கு என்று நினைத்தான். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

தங்கப்பாண்டி அவனோடு ஒரே தெருவில் வளர்ந்தவன். ஊருக்குத் தெற்கே ஒத்திக்கு நிலம் பிடித்து வாழை போட்டிருந்தான். வேல்பாண்டிக்குப் பெரிய வேலை வந்தால் லைட் பிடிக்க, பை தூக்க அவன் வருவான். கூலி கிடையாது. மாத்தாள். அவன் ஒரு நாள் இவனுக்கு வந்தால், வாழைத்தார் வெட்டும்போது இவன் ஒரு நாள் அவனுக்குப் போக வேண்டும். ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள். அதற்குப் பதிலாகப் பணத்தை நீட்டினால் முகத்தில் துப்பியதற்குச் சமம். இரண்டு பேருடைய அப்பன்களும் அப்படித்தான் காடு கழனி பார்த்தார்கள்.

பெரியகுளத்து மாப்பிள்ளை வீடு ஒன்று கல்யாணத்துக்கு முந்தி வெளியில் வைத்துப் படம் எடுக்கக் கேட்டது. வருசநாட்டுப் பக்கம், ஆற்றுப் பாறையில். தங்கப்பாண்டி விடியவே வந்துவிட்டான். புதுப் பை நிறைந்துவிட்டது. இரண்டு லென்ஸும் பிளாஷும் மிச்சம். வேல்பாண்டி பழுப்புப் பையை எடுத்து அவற்றை அடுக்கினான். வாரைப் பிடித்துத் தூக்கியபோது பெருக்கல் குறி கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. பார்த்தான். இன்னைக்கு ஒரு நாள் தாங்கும் என்று நினைத்தான். தங்கப்பாண்டியின் தோளில் மாட்டிவிட்டான்.

"ஏலே, நீ மட்டும் மெத்தை வச்ச பை, எனக்குக் கிழவிப் பையா?" என்று தங்கப்பாண்டி சிரித்தான்.

"கிழவிதான்டா நம்ம கை அறிஞ்சவ" என்றான் இவன்.

பாறை இறக்கத்தில் வார் அறுந்தது. தங்கப்பாண்டி பையை விட்டிருக்கலாம். விடவில்லை. குனிந்து, உருளப் போன பையை நெஞ்சோடு அணைத்து, வலது கையை ஊன்றி விழுந்தான். பாறையில் பட்டது அவன் கை. பை படவில்லை.

வேல்பாண்டி ஓடி வந்தான். முதலில் பையைத்தான் வாங்கினான். ஜிப்பைத் திறந்து லென்ஸை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"ஒண்ணும் ஆகலயே?" என்று வாய் சொன்னது.

"கைதான் மாப்ள, லேசா" என்றான் தங்கப்பாண்டி கீழே இருந்து.

தன்னைக் கேட்டதாக அவன் நினைத்துக்கொண்டான். வேல்பாண்டி லென்ஸை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது மணிக்கட்டு வீங்க ஆரம்பித்திருந்தது. கூட வந்திருந்த கல்யாணப் பெண்ணின் அண்ணன் துண்டை நனைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"நீ எடுத்து முடி. வெளிச்சம் போயிரும்" என்றான் தங்கப்பாண்டி.

வேல்பாண்டி எடுத்து முடித்தான். படங்கள் நன்றாக வந்தன.

சின்னமனூர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு வெளியே வந்ததும் தங்கப்பாண்டி முதலில் பேசியது பையைப் பற்றித்தான்.

"வாரு அறுந்துருச்சு மாப்ள. வெடுக்குனு இழுத்துட்டேன்போல. மூட்டை தூக்குற கை, பதமாத் தூக்கத் தெரியல. பையக் குடு, நான் பிச்சத நானே தச்சுத் தாரேன்."

"அதெல்லாம் வேணாம்டா."

"குடுறா. அடுத்தவன் சாமானப் பிச்சுட்டுச் சும்மா போகச் சொல்றியா?"

அது ஏற்கெனவே இத்துப் போயிருந்ததுடா. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வேல்பாண்டி வாயைத் திறந்து, "யார்ட்ட தைக்கக் குடுப்ப?" என்று கேட்டான்.

"இங்கன பஸ் ஸ்டாண்டுல செருப்புத் தைக்கிறவர்ட்ட."

தேனி இல்லை. வேல்பாண்டிக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததை நினைத்து அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஜோதிலட்சுமியிடம் மட்டும் சொன்னான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சே மாட்டி விட்டீகளா?"

"தாங்கும்னு நெனச்சேன்."

"அப்ப ஒங்க தோள்ல மாட்டிட்டுப் போயிருக்க வேண்டியதுதான?" மறுபடி கத்தியை எடுத்தாள். "போயிச் சொல்லிருங்க. அவுகளா தெரிஞ்சுக்கிட்டா அப்புறம் மூஞ்சியில முழிக்க முடியாது."

சொல்லத்தான் போனான். போகும்போது சாம்பல் நிற ஆபீஸ் பையைக் கையில் எடுத்துக்கொண்டான். வெறுங்கையோடு போகத் தெரியவில்லை. தங்கப்பாண்டியின் மனைவி பாண்டீஸ்வரி அதை வாங்கிப் பார்த்தாள். "எங்களுக்கு எதுக்குண்ணே இம்புட்டு நல்ல பை?" என்றாள். பிறகு பையில் லேப்டாப் வைக்கிற அறைக்குள் புருசனின் எக்ஸ்ரேயை நுழைத்தாள். மடங்காமல் நின்றது. அவளுக்குச் சந்தோசம். வேல்பாண்டி காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டான்.

தார் வெட்டு வந்தது. தங்கப்பாண்டிக்கு இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை. லாரி கேரளாவிலிருந்து வந்து ரோட்டோரம் நின்றது. வெட்டுகிற ஆள் வெட்டித் தர, வயலிலிருந்து ரோடு வரை சேறும் வரப்புமாகத் தூக்கிப் போக வேண்டும். அன்று வேல்பாண்டிக்கு ஒரு காதுகுத்து இருந்தது. அதை வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டு வந்தான். வரும்போது புதுப் பையின் இடுப்புப் பட்டையைத் தனியே கழற்றி எடுத்து வந்திருந்தான். அதைத் தோளில் போட்டுக்கொண்டதைப் பாண்டீஸ்வரி பார்த்தாள்.

"என்னண்ணே, தாருக்கு சீட் பெல்ட்டா?"

சுமக்க வந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் தலையில் வாழைச் சருகைச் சுருட்டிச் சும்மாடாக வைத்திருந்தார்கள். வேல்பாண்டியும் சிரித்துவைத்தான். முதல் தாரிலேயே பட்டை வழுக்கிச் சேற்றில் விழுந்தது. அப்புறம் அவனும் சருகைத்தான் வைத்துக்கொண்டான். காம்பிலிருந்து ஒழுகிய பால் சட்டையில் கறையாக இறங்கியது. "வேகம், வேகம்" என்று லாரிக்காரன் மலையாளத்தில் விரட்டினான். வெயில் ஏற ஏறத் தோளில் இருந்த முடிச்சு கழுத்துக்கு ஏறியது, பிறகு கைக்கு இறங்கியது. விரல் மரத்துப்போனது. அந்த வலி அவனுக்கு வேண்டியிருந்தது. இன்னும் நாலு தார் தூக்கினால் சொல்லிவிடலாம் என்று ஏனோ தோன்றிக்கொண்டே இருந்தது.

உச்சிப் பொழுதில் ஒரு தாரோடு வரப்பில் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். தோள் எழும்பவில்லை. தங்கப்பாண்டி வந்து இடது கையால் தாரைச் சரித்து இறக்கினான்.

"போதும் மாப்ள. போயிச் சாப்பிடு."

மோட்டார் ரூம் நிழலில் கஞ்சியும் வெங்காயமும் இருந்தன. தங்கப்பாண்டி ரூமுக்குள் போய் ஒரு பையை எடுத்து வந்தான். பழுப்புப் பை. புது வார், கறுப்பு நைலான். அடியில் இரட்டைத் தையல்.

இது செருப்புத் தைக்கிறவர் வேலை இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"கட்டப் பாக்கணும்னு ஆஸ்பத்திரியில தேனிக்கு வரச் சொன்னாக. போனப்ப அங்கனயே ஒரு கடையில குடுத்துட்டேன்" என்றான் தங்கப்பாண்டி. "இம்மானுவேல்னு. நல்ல மனுசன். பையப் பாத்ததும், இது சின்னமனூர் போட்டோக்காரத் தம்பி பையாச்சேன்னு கேட்டாரு. வாரைப் பெரட்டி, போட்டிருந்த குறியக் காட்டினாரு. தச்சதுக்குக் கூலி வாங்க மாட்டேன்னுட்டாரு."

அவன் கத்துவான் என்று வேல்பாண்டி காத்திருந்தான். கத்தினால் நன்றாக இருக்கும். தங்கப்பாண்டி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"சொல்லியிருந்தா என்ன மாப்ள? பிள்ளையத் தூக்குற மாதிரி ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு வந்திருப்பேன்ல."

ரோட்டில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். பாண்டீஸ்வரி தலையில் தாரோடு அவர்களைத் தாண்டிப் போனாள். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவளுக்கும் தெரியும்போல. காலையில் கேலி பேசியபோதும் தெரிந்துதான் பேசியிருக்கிறாள்.

வேல்பாண்டி வாயைத் திறந்தான்.

"தோளு வலிக்குதுடா" என்றான்.

வேறு எதுவும் வரவில்லை. தங்கப்பாண்டி எழுந்து, பழுப்புப் பையை அவன் பக்கத்தில் வைத்தான்.

"அப்ப கெளம்பு. அரை நாள் ஆச்சு. மிச்சம் அடுத்த வெட்டுக்கு வந்து குடு."

"கூலிக்கு ஒரு ஆள விட்டுறவா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று தெரிந்தது. தங்கப்பாண்டி ஒற்றைக் கையால் ஒரு தாரைப் புரட்டிப் பார்த்தான். பிறகு, சும்மாடுச் சருகைச் சரிசெய்து கொடுக்கப் பெண்களிடம் போய்விட்டான்.

வேல்பாண்டி பையை வலது தோளில் மாட்டினான். வெறும் பை. வார் உறுதியாக இருந்தது. சேற்றில் கிடந்த இடுப்புப் பட்டையை எடுக்காமலே வரப்பேறி ரோட்டுக்கு வந்து, தான் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

தங்கப்பாண்டிக்கு அரை நாள் பாக்கி.