மாறியதை மட்டும்

மோனிகாவின் ஆபீஸ் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய ஓட்டு பங்களாவில் இருந்தது. அபார்ட்மெண்டுகளில் எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள், யாருக்கு கேட் திறக்கவேண்டும் என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் சாஃப்ட்வேர்தான் அங்கே தொழில். ஜன்னலுக்கு வெளியே ரோஸ் நிறப் பூக்கள் தெரு முழுக்க உதிர்ந்துகொண்டிருந்தன. பார்த்துக்கொண்டே உட்கார்ந்தால் மத்தியானம் எப்போது சாயந்திரமானது என்றே தெரியாது. ஆனால் அன்று அவளுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. அவளோடு வேலைபார்க்கும் சாமுவேல் வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டுவிட்டு அடுத்த வாரம் புனே போகிறான்.

போகிறவன் வேறு யாரோ என்றால் கேக் வெட்டி அனுப்பிவிடலாம். இவனோ, கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி முடிந்து காக்ஸ் டவுன் சர்ச் படியில் நின்று, "என்னக் கல்யாணம் பண்ணிக்கிறியா?" என்று கேட்டவன். இவளும் "சரி" என்றாள். விஷயம் முடிந்தது என்று அன்றைக்கே நிம்மதியாகிவிட்டாள். அதன்பிறகு அவனும் பேச்சை எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை. திடீரென்று ராஜினாமா. ஏன் என்று கேட்க நினைக்கும்போதெல்லாம் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள். கேட்டால் பதில் வந்துவிடுமே!

வேலையாவது அவளைக் காப்பாற்றியதா என்றால் அதுவும் இல்லை. பின்னறையில் ஓடும் பழைய சர்வீஸ் சாமுவேலின் பொறுப்பு. அது பேசும் பாணிக்கு சோப் என்று பெயர். குளிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எதைச் சொன்னாலும் முறையாக உறையில் போட்டு, ஒன்று விடாமல் முழுசாகச் சொல்லவேண்டும். மோனிகாவின் புது மொபைல் ஆப் பேசுவது ரெஸ்ட் பாணி. மாறியதை மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடும். இரண்டுக்கும் நடுவே அவள் ஒரு பாலம் எழுதியிருந்தாள். கண்ணைக் கொஞ்சம் மூடினால் அந்தச் செய்திகள் பூ உதிர்ந்த தெருவில் நடந்து போவதுபோல் தெரியும். பழையவை கோட்டும் குடையுமாக, நின்று நின்று எல்லாரையும் விசாரித்துக்கொண்டு போகும். புதியவை கையை வீசிக்கொண்டு போகும். அவளும் அவற்றோடு மிதந்துகொண்டிருந்தாள்.

போன் அடித்தது. ஆனேக்கல் ரோட்டில் ஒரு அபார்ட்மெண்டில் அன்று காலைதான் அந்தப் பாலத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். அங்கே கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி மஞ்சுநாத் வீடியோ காலில் வந்தான்.

"மேடம், ஸ்வல்ப நோடி, கொஞ்சம் பாருங்க. ருக்கு டீச்சர் ஆப்ல போன் நம்பர மாத்துனாங்க. மார்க்கெட் போய்ட்டு வந்தா கேட் தொறக்கல. பேரும் காலி, வீட்டு நம்பரும் காலி. எனக்கு அவங்களத் தெரியும், ஆனா மெஷின் சொல்லாம உள்ள விட்டா மேனேஜர் திட்டுவாரு."

திரையில் ருக்கு டீச்சர் தெரிந்தார். புங்க மரத்தடி பெஞ்சில், முருங்கைக்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவசரம் இல்லம்மா. பேரும் இல்லாம வீடும் இல்லாம ஒக்காந்திருக்கிறது நல்லாத்தான் இருக்கு. ஒடம்பே லேசா இருக்கு. ஆனா இருட்டறதுக்குள்ள நான் யாருன்னு சொல்லிடு."

மோனிகா பின்னறைக்கு ஓடினாள். பழைய சர்வீஸுக்கு வந்திருந்த செய்தியைச் சாமுவேல் திறந்து பார்த்தான்.

"நீ போன் நம்பர் மட்டும் அனுப்பியிருக்கே. மத்ததெல்லாம் எங்கே?"

"அதெல்லாம் மாறலையே. மாறாததை எதுக்குச் சொல்லணும்?"

"நீ சொல்லாததையெல்லாம் இது இல்லைன்னு எடுத்துக்கும், மோனி. அழிச்சிடும்."

"சொல்லலைன்னா அப்படியே இருக்குன்னுதானே அர்த்தம்!"

"உனக்கு. இதுக்கு இல்ல." திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னான்: "எனக்கும் இல்ல."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் வளர்ந்தது கோலார் தங்கவயலில். சுரங்கத்துக்குள் இறங்கியவர்களைப் பற்றி வீட்டில் யாரும் விசாரிக்கமாட்டார்கள். நேரங்கெட்ட நேரத்தில் சங்கு ஊதினால்தான் சேதி. ஊதாதவரை எல்லாரும் நலம். சாமுவேல் வீட்டிலோ ராத்திரி ஜெபத்தில் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லியாகவேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால், அந்த ஆள் மறுநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இதைச் சொல்லிச் சொல்லி அவன் எத்தனை முறை சிரித்திருக்கிறான்! அவளும் சேர்ந்து சிரித்தாளே தவிர, யோசிக்கவில்லை. படியில் ஒரு "சரி" சொல்லிவிட்டு, இத்தனை நாளும் அவள் சங்கு ஊதாததை நம்பிக்கொண்டிருந்தாள். அவனோ ஒவ்வொரு நாளும் தன் பெயர் வருகிறதா என்று காத்திருந்து, இல்லை என்று முடிவுகட்டிவிட்டான்.

முதலில் பாலத்தைச் சரிசெய்தாள். எதை அனுப்புவதானாலும், பழைய சர்வீஸிடம் இருப்பதையெல்லாம் முதலில் கேட்டு வாங்கி, அதில் மாறியதை மட்டும் மாற்றி, முழுசாகத் திருப்பிக் கொடுக்கும்படி எழுதினாள். அழிந்துபோனதை சாமுவேல் அன்று காலை எடுத்துவைத்த பிரதியிலிருந்து மீட்டுக் கொடுத்தான். போனில் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. ருக்கு டீச்சர் மனசில்லாமல் எழுந்து உள்ளே போனார்.

சாமுவேல் லேப்டாப்பை மூடினான். அவன் எழுந்துவிட்டால் தனக்குத் தைரியம் வராது என்று மோனிகாவுக்குத் தெரிந்தது. கதவருகே போய் நின்றுகொண்டாள். கால் தரையில் பாவவில்லை. கனவில் பேசுவதுபோல் தன் குரலே தூரத்தில் கேட்டது.

"சாம், கேளு. நான் மோனிகா. தங்கவயல் சாம்பியன் ரீஃப் வின்சென்ட் பொண்ணு. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி, நம்ம சர்ச் படியில, நீ என்னக் கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேட்டே. நான் சரின்னு சொன்னேன். உன்ன எனக்கு ரொம்பப் பிடிக்கும். அன்னைக்கும் பிடிச்சது, நேத்தும் பிடிச்சது, இப்பவும் பிடிக்குது. இதுல எதுவும் மாறல. மாறலைன்னுதான் சொல்லாம விட்டுட்டேன்."

சாமுவேலின் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத் தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"புனேல வேலைக்கு வர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேனே, மோனி."

"போ. ஒரு வருஷம் வேலை பாரு."

"நீ?"

காத்திருப்பேன் என்பது தனியாகச் சொல்லவேண்டிய விஷயமா என்று கேட்க அவள் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"காத்திருப்பேன். ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றேன். உங்கம்மா கிட்ட நானே கேக்குறேன். ராத்திரி ஜெபத்துக்கும் இருக்கேன்."